“கார்ல படம் ஓடுது... கார்தான் ஓடல!” - பரணில் கிடந்த கம்ப்யூட்டர் காருக்குள் வந்த கதை

திங்கட்கிழமை அதிகாலை 5 மணி. திண்டுக்கல்லில் இருந்து மதுரைக்குக் கிளம்ப வேண்டும். அன்று அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். காலை 7 மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். அம்மா பையோடு பின் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். சாவியைத் திருப்பினேன். ‘டிக்... டிக்... டிக்...’ என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. இன்ஜின் அசையவே இல்லை.

காரணம் டிக்கியில் இருந்தது. இரண்டு வாரங்களுக்கு முன்பு, பரணில் தூசி படிந்து கிடந்த பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டரை நான்தான் அங்கே பொருத்தியிருந்தேன். பாட்டு, படம், மேப் எல்லாம் இனி காருக்குள்ளேயே வரும் என்று வீடு முழுக்கப் பெருமை பேசியிருந்தேன். அந்தக் கம்ப்யூட்டர், சனிக்கிழமை சாயங்காலத்தில் இருந்து சத்தமே இல்லாமல் கார் பேட்டரியைக் குடித்துத் தீர்த்திருந்தது.

அம்மா இறங்கி நின்று சொன்ன வார்த்தை இன்னும் மறக்கவில்லை. “கார்ல படம் ஓடுது, பாட்டு ஓடுது... கார்தான் ஓடல!”

டாக்ஸி பிடித்து, ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். நல்லவேளையாக ஆபரேஷன் அன்றே நல்லபடியாக முடிந்தது. ஆனால், “அந்தப் பெட்டி இருக்கிற வரைக்கும் நான் இந்த வண்டியில ஏற மாட்டேன்” என்று அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

அந்தப் பெட்டி இன்றும் எங்கள் காரில்தான் இருக்கிறது. அம்மாவும் ஏறுகிறார். நடுவில் என்ன மாறியது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தால், நான் செய்த தப்பை நீங்கள் செய்ய வேண்டாம்.

எதற்கு இந்த வேலை?

முதலில் ஓர் உண்மை. கார் ஆக்சஸரீஸ் கடையில் ரெடிமேடாக ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ கிடைக்கிறது. எல்லாப் பாகங்களையும் புதிதாக வாங்கி கார் கம்ப்யூட்டர் செய்வதாக இருந்தால், பேசாமல் அதையே வாங்கிவிடலாம். வேலையும் மிச்சம், நேரமும் மிச்சம்.

ஆனால் மதர்போர்டு, ப்ராசஸர், ரேம் ஆகிய மூன்றும் வீட்டில் சும்மா கிடக்கின்றன என்றால் கணக்கு வேறு. பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடவும் மனசு வராது. உட்கார்ந்து வேலை பார்க்கவும் அது ஆகாது. அப்படிப்பட்ட கம்ப்யூட்டருக்குப் பாட்டு பாடவும், படம் காட்டவும், வழி சொல்லவும் இன்னும் தெம்பு இருக்கிறது.

இது புது யோசனையும் கிடையாது. ‘எம்பெக்’ என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 1999-லேயே லினக்ஸில் ஓடும் கார் பாட்டுப்பெட்டியை விற்றது. அதற்குள் இருந்தது லேப்டாப் ஹார்ட் டிஸ்க். 2001-ல் தைவானின் ‘வியா’ நிறுவனம், 17 சென்டிமீட்டர் நீளம், 17 சென்டிமீட்டர் அகலத்தில் ‘மினி ஐ.டி.எக்ஸ்’ என்ற சின்ன மதர்போர்டைக் கொண்டுவந்தது. அதன் பிறகு பல நாடுகளில் ஆர்வலர்கள் தங்கள் கார்களில் கம்ப்யூட்டரைப் பொருத்தத் தொடங்கினார்கள். இதற்கு ‘கார்பியூட்டர்’ என்று செல்லப்பெயரே உண்டு.

எதை எடுக்கலாம், எதை விடலாம்?

பழைய கம்ப்யூட்டரை அப்படியே தூக்கி டிக்கியில் வைப்பது முதல் தப்பு. பிரித்து, தேவையானதை மட்டும் எடுக்க வேண்டும்.

மதர்போர்டு: சின்னதாக இருந்தால் நல்லது. பல வீட்டு கம்ப்யூட்டர்களில் இருப்பது ‘மைக்ரோ ஏ.டி.எக்ஸ்’ வகை. அதிகபட்சம் 24.4 சென்டிமீட்டர் சதுரம். இது டிக்கிக்குத் தாராளமாகப் போதும்.

ப்ராசஸர்: இங்கேதான் கவனம் வேண்டும். பிற்காலத்து பென்டியம் 4 ப்ராசஸர்களில் சில 80 வாட்டுக்கும் மேல் வெப்பத்தைக் கக்கும். அவற்றைக் காரில் வைப்பது, டிக்கிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிடுவது போலத்தான். கோர் 2 டுயோ வகையில் பெரும்பாலானவை 65 வாட் வகுப்பைச் சேர்ந்தவை. எங்களிடம் இருந்தது அதுதான்.

ஹார்ட் டிஸ்க்: வேண்டாம். உள்ளே தட்டு சுற்றும், அதற்கு மேல் மயிரிழை இடைவெளியில் ஊசி போன்ற பாகம் நகரும். நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர்களில் அது எத்தனை நாளைக்குத் தாங்கும்? அசையும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி ஒன்றை வாங்கிவிடுங்கள். 120 ஜி.பி அளவே போதும்.

கிராபிக்ஸ் கார்டு, டி.வி.டி டிரைவ், கேபினெட்: மூன்றையும் விட்டுவிடலாம். மின்சாரத்தைத் தின்பதும் இடத்தை அடைப்பதும்தான் மிச்சம்.

சின்ன பேட்டரி: மதர்போர்டில் ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும். ‘2032’ என்று எழுதியிருக்கும். பழைய போர்டு என்றால் அதை உடனே மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் தேதியும் செட்டிங்கும் மறந்துபோகும்.

இதுவரை நானும் சரியாகத்தான் செய்திருந்தேன். கோட்டை விட்டது அடுத்த விஷயத்தில்.

வீட்டு கரன்ட் வேறு, வண்டி கரன்ட் வேறு

வீட்டு கம்ப்யூட்டரில் உள்ள எஸ்.எம்.பி.எஸ் பெட்டி, 230 வோல்ட் கரன்ட்டை வாங்கி 12, 5, 3.3 வோல்ட்டுகளாகப் பிரித்துத் தருகிறது. காரில் இருப்பதோ 12 வோல்ட். நான் சுலபமான வழி என்று நினைத்து, 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி நேராகப் பேட்டரியில் இணைத்தேன். அதில் பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸைச் சொருகினேன். கம்ப்யூட்டர் ஓடியது. நானும் குஷியாகிவிட்டேன்.

யோசித்துப் பாருங்கள். 12 வோல்ட்டை 230 ஆக ஏற்றி, அதையே மறுபடியும் 12 ஆக இறக்குகிறோம். கையால் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. இரண்டு இடத்திலும் மின்சாரம் வீணாகும், இரண்டு இடத்திலும் சூடாகும்.

போதாதென்று, சாவி போட்டதும் சட்டென்று திரை வர வேண்டும் என்பதற்காகக் கம்ப்யூட்டரை முழுசாக அணைக்காமல் ‘ஸ்லீப்’ நிலையிலேயே விட்டுவைத்தேன்.

அன்று சாயங்காலம் பேட்டரியைப் பார்க்க வந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணன், டிக்கியைத் திறந்து பார்த்துச் சிரித்தார். “தம்பி, வீட்டுல கரன்ட் லைன்ல இருந்து வருது, எடுத்துக்கிட்டே இருக்கலாம். வண்டியில இருக்கிறது குடத்துத் தண்ணி. இன்ஜின் ஓடுனாத்தான் குடம் நிரம்பும்.”

அந்தக் குடத்தின் அளவைக் கணக்குப் போட்டவள், லீவுக்கு வந்திருந்த என் அக்கா மகள். பிளஸ் ஒன் முடித்தவள். மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு டிக்கி அருகே உட்கார்ந்துவிட்டாள்.

“மாமா, தூங்கும்போதே கம்ப்யூட்டரும் இன்வெர்ட்டரும் சேர்ந்து 0.8 ஆம்பியர் இழுக்குது. சனிக்கிழமை சாயங்காலம் 6 மணியில இருந்து திங்கக்கிழமை காலை 5 மணி வரைக்கும் 35 மணி நேரம். பெருக்குங்க.”

பெருக்கினேன். 28 ஆம்பியர் ஹவர். எங்கள் கார் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 35 ஆம்பியர் ஹவர்தான். அதிலும் கார் பேட்டரி என்பது, ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு ஒரு சில விநாடிகள் வேகமாகக் கரன்ட் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது. அடிமட்டம் வரை கறந்தால் அதன் ஆயுளும் குறைந்துவிடும்.

“தப்பு கம்ப்யூட்டர்ல இல்ல மாமா. அதுக்கு நீங்க கரன்ட் கொடுத்த விதத்துல” என்றாள். பள்ளிப்பிள்ளை சொன்னாலும் பாயின்ட் பாயின்ட்தானே!

12 வோல்ட் என்பது 12 இல்லை

அவள் காட்டிய இன்னொரு விஷயம், நான் அதுவரை கவனிக்காதது. பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்தாள். முழுசாக சார்ஜ் ஆகி ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்வதால் 14 வோல்ட் அளவுக்கு ஏறும். ஸ்டார்ட் செய்யும் அந்த ஒரு நொடியில் 10 வோல்ட்டுக்கும் கீழே விழலாம். இன்ஜின் ஓடும்போது பேட்டரி இணைப்பு கழன்றால், ஒரு கணம் பல பத்து வோல்ட்டுகள் பாய்வதும் உண்டு.

கம்ப்யூட்டரோ ராஜவீட்டுக் கன்றுக்குட்டி. அதற்குச் சீரான வோல்டேஜ் வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜ் விழுந்தால் உடனே ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

இதற்கென்றே காருக்கான டி.சி பவர் போர்டுகள் இருக்கின்றன. எஸ்.எம்.பி.எஸ் பெட்டிக்குப் பதிலாக உள்ளங்கை அளவில் ஒரு போர்டு. பேட்டரியில் இருந்து நேராக வாங்கி, மதர்போர்டுக்கு வேண்டிய வோல்டேஜ்களைத் தரும். ‘எம்4 ஏ.டி.எக்ஸ்’ என்பது இந்த வகையில் பெயர்பெற்றது. 6 முதல் 30 வோல்ட் வரை எது வந்தாலும் சமாளித்து, 250 வாட் வரை கொடுக்கும்.

வாங்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

1. எத்தனை வோல்ட்டில் இருந்து எத்தனை வோல்ட் வரை தாங்கும்? ‘12 வோல்ட் மட்டும்’ என்று எழுதியிருந்தால் அது காருக்கு ஆகாது.

2. சாவியைக் கவனிக்குமா? சாவி போட்டால் கம்ப்யூட்டரை எழுப்பி, சாவி எடுத்தால் முறையாக ஷட் டவுன் செய்து, அதன் பிறகு கரன்ட்டை முழுசாகத் துண்டிக்க வேண்டும்.

3. பேட்டரி இறங்கினால் தானாக நிற்குமா? வோல்டேஜ் ஓர் அளவுக்குக் கீழே போனால், வண்டி ஸ்டார்ட் ஆவதற்கு மிச்சம் வைத்து அது நின்றுவிட வேண்டும்.

இந்த மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்ற பதில் வந்தால் மட்டும் பர்ஸைத் திறங்கள். மற்ற எல்லாம் பழசாக இருக்கலாம். பவர் போர்டில் மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது. எனக்கு ஒரு திங்கட்கிழமை காலையைச் செலவழித்துக் கிடைத்த பாடம் இது.

வயரிங்: சின்ன ஃப்யூஸ், பெரிய காவல்

எங்கள் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது 45 வாட், படம் ஓடும்போது 70 வாட் எடுத்தது. 70-ஐ 12-ஆல் வகுத்தால் சுமார் 6 ஆம்பியர். சேதாரத்தையும் சேர்த்து 7 என்று வைத்துக்கொண்டு, 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும் 10 ஆம்பியர் ஃப்யூஸும் போட்டோம்.

ஃப்யூஸை எங்கே போடுவது என்பதுதான் முக்கியம். கம்ப்யூட்டர் பக்கத்தில் அல்ல. பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள். காரின் உடம்பு முழுக்க நெகட்டிவ். நடுவழியில் வயரின் தோல் உரிந்து இரும்பைத் தொட்டால், ஃப்யூஸ் இல்லாத வயர் பழுக்கக் காய்ந்து தீப்பிடித்துவிடும். இரும்புத் தகட்டின் ஓட்டை வழியாக வயரைக் கொண்டுபோகும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம்.

சாவியைக் கவனிக்கும் ஒயர் ஒன்றும் தேவை. சாவியை முதல் நிலைக்குத் திருப்பியதும் ஸ்டீரியோவுக்கு உயிர் வருமே, அந்த இணைப்பு. நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரில் சோதித்துப் பாருங்கள்.

மஞ்சள் நிற உறையும் மஞ்சள் கனெக்டரும் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள். பெரும்பாலான கார்களில் அது ஏர்பேக் வயர். சீட்டுக்கு அடியிலும் போகலாம். வாரன்டி உள்ள புது வண்டி என்றால் வயர் எதையும் வெட்டாதீர்கள். வயரிங் வேலைக்குப் பழக்கம் இல்லையென்றால், அந்தப் பகுதியை மட்டும் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள். நாங்களும் அதைத்தான் செய்தோம். அதே அண்ணன்தான் வந்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

எங்கே வைப்பது?

வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு கை வைக்க முடியாமல் கொதிக்கும். அங்கே கம்ப்யூட்டர் கூடவே கூடாது. எங்கள் தேர்வு டிக்கியின் ஓரம். பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் இரும்புப் பெட்டியைக் காலி செய்து, அதற்குள் போர்டைப் படுக்கை வசத்தில் வைத்தோம். நிற்கவைத்தால் ப்ராசஸர் மீதுள்ள கனமான ஹீட் சிங்க், ஒவ்வொரு குலுக்கலிலும் பக்கவாட்டில் தொங்கிக் கழன்றுவிடும்.

பெட்டியை போல்ட் போட்டு இறுக்குங்கள். சடன் பிரேக்கில் 3 கிலோ பெட்டி கட்டப்படாமல் கிடந்தால், பின் சீட்டில் இருப்பவர்களுக்கு அது எறிகல். வெயிலில் நின்ற வண்டியை எடுத்தால், கண்ணாடிகளை இறக்கி ஐந்து நிமிடம் சூடு தணிந்த பிறகு கம்ப்யூட்டரைப் போடுவது நல்லது.

திரைக்கு 7 அங்குல டச் மானிட்டர் வாங்கினோம். பழைய போர்டுகள் பலவற்றில் வி.ஜி.ஏ மட்டும்தான் இருக்கும். வாங்கும் திரையில் அந்த இணைப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டிக்கியில் இருந்து திரைக்கு வரும் யு.எஸ்.பி கேபிள் 5 மீட்டருக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் டச் தகராறு செய்யும்.

கம்ப்யூட்டரின் சவுண்டை ஸ்டீரியோவின் ‘ஆக்ஸ்’ துளையில் கொடுத்தோம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் ‘ங்ங்ங்’ என்று கூடவே ஒரு கொசு பாடியது. கம்ப்யூட்டரும் ஸ்டீரியோவும் வெவ்வேறு இடத்தில் எர்த் எடுத்ததுதான் காரணம். இரண்டையும் ஒரே இடத்தில் எர்த் செய்ததும் கொசு ஓடிவிட்டது.

உள்ளே என்ன ஓடுகிறது?

லினக்ஸ் போட்டோம், அதற்குக் காசு இல்லை. பாட்டுக்கும் படத்துக்கும் ‘கோடி’ என்ற இலவச மென்பொருள். பெரிய பெரிய எழுத்துகள், பெரிய பட்டன்கள். அதனால் சின்னத் திரையிலும் விரல் தவறாது. வழி காட்டுவதற்கு ‘நேவிட்’. ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ வரைபடங்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத மலைப்பாதையிலும் வழி சொல்லும். அதற்கு யு.எஸ்.பி ஜி.பி.எஸ் ஒன்று வேண்டும்.

பயாஸில் இரண்டு மாற்றங்கள் தேவை. ‘கீபோர்டு இல்லை’ என்று நின்றுவிடாமல் இருக்கவும், கரன்ட் திரும்ப வந்ததும் நமக்குப் பிடித்த நிலைக்குப் போகவும் அங்கேயே செட்டிங் உண்டு.

எனக்குப் பிடித்தது ஓ.பி.டி இணைப்பு. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட ஒரு துளை இருக்கும். 2013-க்குப் பிறகு வந்த பெரும்பாலான கார்களில் பார்க்கலாம். அதில் ‘இ.எல்.எம் 327’ வகை அடாப்டரைச் சொருகினால் இன்ஜின் சூடு, சுற்று வேகம், கோளாறு எண் எல்லாம் திரையில் வரும். ‘செக் இன்ஜின்’ விளக்கு எரிந்தால், மெக்கானிக்கிடம் போவதற்கு முன்பே என்ன எண் என்று தெரிந்துவிடும். ஆனால் அந்தத் துளைக்கும் எப்போதும் பேட்டரி இணைப்பு உண்டு. வண்டியை நாள்கணக்கில் நிறுத்தினால் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள்.

ஓட்டுபவர் கண் ரோட்டில்!

இது விளையாட்டு விஷயம் இல்லை. வண்டி ஓடும்போது ஓட்டுபவர் கண்ணில் படும்படி படம் ஓடவே கூடாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி திரையைப் பார்த்தால், வண்டி 33 மீட்டர் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததற்குச் சமம். செல்போன் போன்ற கையடக்கக் கருவிகளைக்கூட, ஓட்டும்போது கவனம் சிதறாத வகையில் வழி பார்க்க மட்டுமே பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரில் வந்த மோட்டார் வாகன விதித் திருத்தம் சொல்கிறது.

நாங்கள் படத்துக்கான திரையை முன் சீட்டின் பின்புறம், குழந்தைகள் பார்க்கும்படி வைத்துவிட்டோம். வழியைக் குரலில் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எங்கே வைத்தாலும் சரி, ஏர்பேக் விரியும் இடத்தில் திரை இருக்கக் கூடாது.

எவ்வளவு ஆச்சு?

மதர்போர்டு, ப்ராசஸர், ரேம்: பரணில் இருந்தது, 0 ரூபாய்
பவர் போர்டு (செகண்ட் ஹேண்ட்): 5,000
7 அங்குல டச் திரை: 4,500
எஸ்.எஸ்.டி: 1,200
வயர், ஃப்யூஸ், போல்ட், ரப்பர் வளையம்: 900
யு.எஸ்.பி ஜி.பி.எஸ்: 800
ஓ.பி.டி அடாப்டர்: 500
மொத்தம்: 12,900 ரூபாய்

இது எங்கள் செலவு. கடைக்குக் கடை விலை மாறும். சென்னைக்காரர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சுற்று வந்தால் பேரம் பேசி வாங்கலாம். எது வாங்கினாலும் காரில் ஏற்றுவதற்கு முன்பு, வீட்டு மேசையிலேயே ஒரு 12 வோல்ட் பேட்டரியில் இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். தப்பு நடந்தால் அங்கேயே நடக்கட்டும்.

மறுபடியும் ஒரு திங்கட்கிழமை

எல்லாம் முடிந்ததும் அக்கா மகள் ஒரு பரீட்சை வைத்தாள். சனிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு வண்டியை நிறுத்தச் சொன்னாள். திங்கட்கிழமை காலை 5 மணிக்கு மல்டிமீட்டரோடு வந்து நின்றாள். அதே 35 மணி நேரம்.

12.5 வோல்ட்.

சாவியைத் திருப்பினேன். ஒரே சுற்றில் இன்ஜின் பிடித்தது. சத்தம் கேட்டு அம்மா வாசலுக்கு வந்தார். ஆபரேஷன் செய்த கண்ணை இடுக்கி டிக்கியைப் பார்த்தார்.

“அந்தப் பெட்டி இன்னும் இருக்குதா?”

“இருக்கு பாட்டி. ஆனா இப்போ வண்டி தூங்குனா அதுவும் தூங்கிடும்” என்றாள் பேத்தி.

அடுத்த மாதம் மதுரைக்கு செக்கப் போனபோது அம்மா பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கொடைரோடு தாண்டும் வரை எதுவும் பேசவில்லை. பிறகு மெல்லக் கேட்டார்.

“ஏண்டி, அதுல பழைய பாட்டு எதாச்சும் இருக்கா?”